கார் இடிபட்டால் இன்சூரன்ஸா, கைக்காசா? பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு கணக்கு

பெங்களூர் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் தூண்களில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்திருப்பார்கள். இடிக்காமல் இருக்கத்தான். அந்தப் பட்டையை ஒருநாள் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளை, சிவப்பு, சில்வர் என்று அந்த பிளாக்கில் இருக்கிற கார்களின் பெயின்ட் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். இந்த ஊரில் கார் வைத்திருப்பவர்களுக்கு இடிபடுமா என்பது கேள்வியே இல்லை. இடிபட்ட பிறகு காசு யாருடையது என்பதுதான் கேள்வி.

நான் வந்த புதிதில் ஓசூர் ரோட்டில் ஒரு ஆட்டோ என் இடது பின்கதவை உரசிக்கொண்டு போனது. சர்வீஸ் சென்டரில் வண்டியைக் காட்டினேன். அட்வைசர் பேப்பரை நீட்டி, "இன்சூரன்ஸ்ல போட்டுடலாம் சார், உங்க கைல இருந்து கொஞ்சந்தான்" என்றார். கையெழுத்துப் போட்டேன். மொத்த பில் 6,200 ரூபாய். கம்பெனி கொடுத்தது சுமார் 4,400. அடுத்த புதுப்பித்தலில் பிரீமியம் 6,490 ரூபாய் கூடியிருந்தது. ஐந்து வருடம் கிளெய்ம் போடாமல் சேர்த்த 50 சதவீதத் தள்ளுபடியை ஒரே கையெழுத்தில் தொலைத்திருந்தேன். அட்வைசர் பொய் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வருடத்தைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் பாலிசியைத் திறங்கள்

இடிபடும் வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே செய்யலாம். பாலிசி பி.டி.எஃப்.பைத் திறந்து நான்கு விஷயங்களைத் தேடுங்கள்.

உங்களுடையது முழு பாலிசியா, தேர்ட் பார்ட்டி மட்டுமா என்று பாருங்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் உங்கள் வண்டிக்கு ஒரு பைசா வராது, மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. முழு பாலிசி என்றால் பிரீமியம் இரண்டு பங்காகப் பிரிந்திருக்கும். 'ஓன் டேமேஜ்', சுருக்கமாக ஓ.டி., என்பது உங்கள் வண்டிக்கான பங்கு. நோ கிளெய்ம் போனஸ், அதாவது என்.சி.பி., இந்தப் பங்கில் மட்டும்தான் கழியும். தேர்ட் பார்ட்டி பங்கை அது தொடாது. "எனக்கு 50 சதவீதம் இருக்கு, மொத்த பிரீமியத்தில் பாதி" என்று நினைப்பவர்கள் நிறைய. அது அப்படி இல்லை. ஓ.டி. தொகையைத் தள்ளுபடிக்கு முந்தைய வரியில் பார்த்துத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாக் கணக்கும் அந்த எண்ணை வைத்துத்தான்.

இரண்டாவது, இப்போது எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்பது. கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, ஐந்தாவது வருடத்தில் 50. அதற்கு மேல் ஏறாது. ஏறுவது படிப்படியாக, இறங்குவது ஒரேயடியாக. ஒரு கிளெய்ம் போட்டால் எந்தப் படியில் இருந்தாலும் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யம்.

மூன்றாவது, கட்டாயக் கழிவு. 1500 சி.சி. வரையிலான காருக்கு ஒவ்வொரு கிளெய்முக்கும் 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். பிரீமியம் குறையட்டும் என்று யாராவது உங்களை வாலன்டரி டிடக்டிபிள், அதாவது நீங்களாக ஏற்கும் கூடுதல் கழிவு, எடுக்க வைத்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் பாலிசி வாங்கியவர்கள் பலருக்குத் தாங்கள் அதை டிக் செய்ததே நினைவிருக்காது.

நான்காவது, ஜீரோ டெப். பட்டறைக்காரர்கள் 'பம்பர் டு பம்பர்' என்பார்கள். இது இல்லையென்றால் தேய்மானம் கழியும். ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கு பாதி. ஃபைபர் கிளாஸுக்கு 30 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவே இல்லை. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து: முதல் ஆறு மாதம் ஒன்றுமில்லை, அப்புறம் 5 சதவீதத்தில் தொடங்கி ஏறி, பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு 50 சதவீதம். பெயின்டில் பொருள் செலவில் பாதி கழியும். பில்லில் பொருளும் கூலியும் பிரிக்காமல் இருந்தால் மொத்தத்தில் கால்வாசியைப் பொருள் என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள். இன்றைய கார் பம்பர் பிளாஸ்டிக். நகரத்தில் முதலில் அடிபடுவதும் பம்பர்தான். அதனால் ஜீரோ டெப் இல்லாதவர்களுக்கு பம்பர் கிளெய்ம் பெரும்பாலும் பாதி கிளெய்ம்.

தமிழ்நாட்டிலிருந்து டி.என். நம்பர் வண்டியோடு வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலிசி இந்தியா முழுக்கச் செல்லும். சேலத்தில் எடுத்த பாலிசிக்கு மாரத்தஹள்ளியில் கிளெய்ம் போடலாம். முகவரி மாறியதை மட்டும் கம்பெனிக்குத் தெரிவித்துவிடுங்கள்.

இடித்த அன்று

ஓரமாக நிறுத்துங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் 112. காயம் எதுவும் இல்லை என்றால் போனை எடுத்துப் படம் எடுங்கள்: தூரத்திலிருந்து ஒன்று, இரண்டு வண்டியின் நம்பரும் தெரிகிற மாதிரி ஒன்று, அடிபட்ட இடத்தை அருகிலிருந்து இரண்டு. கிளெய்ம் போடுவீர்களா என்று அப்போது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. படம் இருந்தால் பின்னால் எந்தப் பக்கமும் போகலாம்.

எதிராளி வந்து "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி", கொஞ்சம் அனுசரித்துப் போங்கள், என்பார். கன்னடம் வராத புதியவர்கள் இங்கேதான் பதறிப்போய் எதற்கோ ஒப்புக்கொள்வார்கள். அல்சூரிலோ சிவாஜி நகரிலோ என்றால் கூடியிருக்கிற கூட்டத்தில் தமிழ் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். இல்லையென்றாலும் பரவாயில்லை. சத்தம் போடாமல் நம்பரையும் லைசென்ஸையும் படம் எடுத்துக்கொண்டால் பாதிப் பேச்சு அடங்கிவிடும். தப்பு அவர் மேல் என்றாலும் அவர் இன்சூரன்ஸிலிருந்து உங்களுக்குப் பணம் வாங்குவது தீர்ப்பாயம் வரை போகிற நீண்ட வழி. உங்கள் பாலிசியில் போட்டாலோ, தப்பே செய்யாத உங்கள் என்.சி.பி. போகும். அதனால்தான் இந்த ஊரில் சின்ன உரசல்கள் எல்லாம் ரோட்டோரத்திலேயே இரண்டாயிரம் மூவாயிரத்தில் முடிகின்றன. அது நியாயமா என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை, ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது. அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டால் அதே அடிக்குக் கம்பெனியிடமும் கேட்காதீர்கள்.

முக்கியமானது ஒன்று: முடிவெடுக்கும் வரை எதையும் ரிப்பேர் செய்யாதீர்கள். சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்க்காமல் சரிசெய்த அடிக்குக் கிளெய்ம் கிடைப்பது கஷ்டம். முடிவை ஒரு வாரம் இழுக்கவும் வேண்டாம். பாலிசிகள் உடனே தெரிவிக்கச் சொல்கின்றன. ஒன்றிரண்டு நாளில் முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு எஸ்டிமேட்

இந்தப் படியைப் பலரும் தவறவிடுகிறார்கள். சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு "கிளெய்ம் போடலாமா?" என்று யோசித்தால் விடை கிளெய்ம் என்றுதான் வரும். அங்கே வளைந்த பாகத்தை நிமிர்த்துவதைவிட மாற்றுவதுதான் வழக்கம். வெளியே பட்டறையில் நசுங்கல் எடுக்கும் ஒரு டிங்கரிடம் காட்டாமல் முடிவெடுக்காதீர்கள்.

எங்கள் பிளாக்கில் கோயம்புத்தூர்க்கார அண்ணா ஒருவர். போன வருடம் பேஸ்மென்ட் தூணில் ரிவர்ஸில் ஏற்றிவிட்டார். பின் பம்பர் உள்ளே அமுங்கி, இடது பின்கதவில் ஒரு முழம் நீளத்துக்குக் கோடு. 1200 சி.சி. ஹாட்ச்பேக், நான்காவது வருடம் ஓடுகிறது, இப்போதைய என்.சி.பி. 35 சதவீதம். சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட் 17,000 ரூபாய்: புது பம்பர் 5,200, அதற்கு பெயின்ட் 4,000, கதவு பெயின்ட் 4,500, கதவு டென்டிங் கூலி 2,500, கழற்றி மாட்ட 500, கிளிப் போன்ற சில்லறைச் சாமான் 300.

அல்சூர் பக்கம் ஒரு பட்டறைக்கு இருவரும் போனோம். மேஸ்திரி எஸ்டிமேட்டைப் பார்க்கவே இல்லை. கதவின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக ஓட்டினார். அப்புறம் குனிந்து, வெளிச்சம் கதவின் மேல் சாய்வாக விழும் கோணத்தில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "பம்பர் மாத்தவே வேணாம் சார். சூடு காட்டி உள்ளருந்து தள்ளினா வந்துடும். கதவுலதான் வேலை, பட்டி கொஞ்சம் பிடிக்கும்." பெயின்டோடு சேர்த்து 7,500.

அந்த மாதிரி இடத்தில் கேட்க வேண்டியது: பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை, எவ்வளவு கனம் வரும், பெயின்ட் பூத் உள்ளே இருக்கிறதா அல்லது ரோட்டோரத்தில் அடிப்பாரா, கலர் கோடு பார்த்துக் கலக்குவாரா. வேலை முடிந்ததும் காந்தம் ஒன்றைக் கதவில் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கினால் பட்டி தாராளமாகப் போயிருக்கிறது. வெள்ளை, சிவப்பு மாதிரி சாதா நிறமென்றால் வெளியே தைரியமாகச் செய்யலாம். சில்வர், முத்து வெள்ளை, இரண்டு மூன்று கோட் மெட்டாலிக் என்றால் யோசிப்பேன். வெயிலில் நிறுத்தினால் அந்த ஒரு கதவு மட்டும் தனியாகத் தெரியும்.

கணக்கு

அண்ணாவின் வண்டிக்கு ஜீரோ டெப் இல்லை என்று முதலில் வைத்துக்கொள்வோம். கிளெய்ம் போட்டாலும் அவர் கையிலிருந்து போவது: பம்பரில் பாதி 2,600, பெயின்ட் கழிவு சுமார் 1,060, கட்டாயக் கழிவு 1,000, கம்பெனி தராத சில்லறைச் சாமான் 300. மொத்தம் ஏறக்குறைய 4,960. கம்பெனி தருவது சுமார் 12,040.

இனி என்.சி.பி. இழப்பு. அடுத்த வருடத்தை மட்டும் பார்ப்பது தப்பு. கிளெய்ம் போடாவிட்டால் அவருக்கு வரும் படிகள் 45, 50, 50, 50, 50. போட்டால் 0, 20, 25, 35, 45. வித்தியாசம் 45, 30, 25, 15, 5. ஐந்து வருடத்துக்கு மொத்தம் 120 சதவீதம். அவர் ஓ.டி. தொகை தள்ளுபடிக்கு முன் 9,000. அப்படியென்றால் இழப்பு 10,800, அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து 12,744. கம்பெனி தருவதைவிட அதிகம்!

ஆனால் ஐந்து வருடத்தையும் முழுசாக எண்ணுவது கொஞ்சம் மிகை. வண்டியின் மதிப்பு குறையக் குறைய ஓ.டி.யும் குறையும். இடையில் வேறு அடி பட்டு எப்படியும் கிளெய்ம் போட வேண்டி வரலாம். நான் முதல் இரண்டு வருடத்தை மட்டும் எண்ணுவேன். இங்கே 45-ம் 30-ம், ஆக 75 சதவீதம். 6,750, ஜி.எஸ்.டி. சேர்த்து 7,965.

இப்போது மூன்றையும் பக்கத்தில் வையுங்கள். கிளெய்ம் போட்டால் உண்மையான செலவு 4,960-ம் 7,965-ம் சேர்த்து 12,925. சர்வீஸ் சென்டரில் கைக்காசு 17,000. பட்டறையில் கைக்காசு 7,500. பட்டறைக்குப் போகாமல் இருந்திருந்தால் கிளெய்ம்தான் சரி என்று அண்ணா சந்தோஷமாகப் போட்டிருப்பார்.

ஜீரோ டெப் இருந்தால்? கையிலிருந்து 1,300 மட்டும் போகும். என்.சி.பி. இழப்பைச் சேர்த்தால் 9,265. அப்போதும் பட்டறை மலிவு, ஆனால் வித்தியாசம் இரண்டாயிரத்துக்கும் கீழே. இந்த இடத்தில் நான் காசை மட்டும் பார்க்க மாட்டேன். அந்த இரண்டாயிரத்துக்குப் புது பம்பரும் பூத்தில் அடித்த பெயின்டும் கிடைக்கின்றன. மூன்று வருடத்துக்கு உட்பட்ட வண்டியென்றால் கிளெய்ம் பக்கம் சாய்வேன், பழைய வண்டியென்றால் பட்டறை. ஜீரோ டெப்பில் வருடத்துக்கு இத்தனை கிளெய்ம்தான் என்று சில பாலிசிகளில் வரம்பு உண்டு. அதைச் சின்னக் கோட்டுக்குச் செலவழிப்பது எனக்கு உவப்பில்லை.

கணக்கு திரும்பும் இடங்கள்

முதல் பாலிசி வருடத்திலேயே அடிபட்டால் இழப்பு குறைவு. கிளெய்ம் இல்லாவிட்டால் 20, 25 என்று வந்திருக்கும். போட்டால் 0, 20. இரண்டு வருடத்துக்கு 25 சதவீதம்தான். 45, 50-ல் இருப்பவருக்கோ அதே இரண்டு வருடத்தில் 80 சதவீதம் போகும். ஒரே அடி, ஒரே பில், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் செய்தது உங்களுக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை.

இந்த பாலிசி வருடத்தில் ஏற்கெனவே ஒரு கிளெய்ம் போட்டாச்சு என்றால் கணக்கு தலைகீழ். என்.சி.பி. ஏற்கெனவே பூஜ்யம், இரண்டாவது கிளெய்மால் மேலும் கீழே போக இடமில்லை. அப்போது எட்டாயிரம் ரூபாய் அடியைக்கூட யோசிக்காமல் போடலாம். அதற்காக மூன்று நான்கு என்று அடுக்கினால் அடுத்த வருடம் விலையைக் கூட்டுவது கம்பெனியின் கையில்.

வண்டியை விற்றுப் பெரிய வண்டி வாங்கப்போகிறீர்களா? என்.சி.பி. காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். விற்றபின் பழைய கம்பெனியிடம் என்.சி.பி. கடிதம் வாங்கிப் புதுக் காருக்கு மாற்றலாம். புதுக் காருக்கு ஓ.டி. 30,000 என்றால் 50 சதவீதம் என்பது 15,000 ரூபாய். இன்னும் ஆறு மாதத்தில் மாற்றப்போகிற காரின் கோட்டுக்காக இதை விடுபவர்களைப் பார்த்தால் எனக்கே வயிறு எரியும். என்.சி.பி. புரொடெக்ட் என்ற ஆட்-ஆன் எடுத்திருந்தால் அதன் வரம்புக்குள் இந்தக் கவலையே இல்லை.

கணக்கே போடாத இடங்கள்

மனிதருக்கு அடிபட்டிருந்தால் ரோட்டோரப் பேரம் கிடையாது. போலீஸுக்கும் கம்பெனிக்கும் அன்றே சொல்லுங்கள். திருட்டு என்றால் எஃப்.ஐ.ஆர். ஏர்பேக் வெடித்திருந்தால், முன்பக்கம் ரேடியேட்டர் வரை போயிருந்தால், எல்.இ.டி. ஹெட்லாம்ப் உடைந்திருந்தால் கிளெய்ம்தான். ரிப்பேர் செலவு வண்டியின் ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் ரிப்பேரே இல்லை, மொத்த இழப்பாகக் கணக்கு வைப்பார்கள்.

மழைக்காலம் தனி அத்தியாயம். ஏப்ரல், மே மாதச் சாயங்கால மழையில் மரம் விழுந்து கார் நசுங்குவது இங்கே புதிதல்ல. முழு பாலிசி அதைத் தாங்கும். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், அவுட்டர் ரிங் ரோடு பக்கம் வெள்ளம் புகுந்தபோது பேஸ்மென்ட் கார்கள் கூரை வரை மூழ்கின. அப்படி நின்ற வண்டியை ஒருபோதும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாவியைத் திருகினால் நீர் சிலிண்டருக்குள் போய் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் இல்லாதவர்களுக்கு, நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று சொல்லி இன்ஜின் செலவை மறுப்பார்கள். அப்படியே விட்டு, படம் எடுத்து, கம்பெனிக்குப் போன் செய்து, டோ வண்டியில் ஏற்றுங்கள்.

போடுவது என்று முடிவானால்

ஆப்பிலோ போனிலோ தெரிவியுங்கள், கிளெய்ம் நம்பர் வரும். கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள நெட்வொர்க் கராஜுக்குப் போனால் கேஷ்லெஸ், உங்கள் பங்கை மட்டும் கட்டினால் போதும். வேறு இடத்தில் செய்தால் முழுப் பணமும் கட்டிவிட்டுப் பின்னால் வாங்க வேண்டும். ஆர்.சி., லைசென்ஸ், பாலிசி மூன்றும் தேவை. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். தூணில் இடித்தது என்றால் தூண் என்று எழுதுங்கள்.

சேர்த்து வைத்த பழைய கீறல்களை எல்லாம் ஒரே விபத்தில் கோர்க்கச் சிலர் யோசனை சொல்வார்கள். சர்வேயர் தினமும் இருபது வண்டி பார்க்கிறவர். துருவேறிய கீறலும் நேற்றுப் பட்ட கீறலும் அவருக்குத் தெரியாதா? இடதுபக்கமும் வலதுபக்கமும் ஒரே தூண் எப்படி இடித்தது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? தனித்தனி விபத்து என்றால் தனித்தனி கிளெய்ம், ஒவ்வொன்றுக்கும் கட்டாயக் கழிவு.

சர்வேயர் ஒப்புக்கொண்ட தொகையை ரிப்பேர் தொடங்கும் முன் கேட்டு வாங்குங்கள். அது எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு என்றால் அப்போதும் பின்வாங்கலாம். பணம் எதுவும் வாங்காமல் கிளெய்மைத் திரும்பப் பெறுவதாக எழுத்தில் கொடுத்து, என்.சி.பி. அப்படியே இருக்கிறது என்று மெயிலில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர். பெங்களூர் அலுவலகம் ஜே.பி. நகரில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

கைக்காசில் முடித்தவர்களுக்கு வேலை இன்னும் ஒன்று பாக்கி. புதுப்பிக்கும்போது என்.சி.பி. ஒரு படி ஏறியிருக்கிறதா என்று புது பாலிசியில் பாருங்கள். கம்பெனி மாறினால் அந்தப் படியை நீங்களேதான் சொல்ல வேண்டும். கிளெய்ம் போட்டுவிட்டு இல்லை என்று சொன்னால் பழைய கம்பெனியிடம் கேட்டுக் கண்டுபிடித்துவிடுவார்கள், பின்னால் பெரிய அடிக்கு மறுக்க அதுவே காரணமாகும். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்ததெல்லாம் போய்விடும். அண்ணா போன மாதம் புதுப்பித்தார். 45 வந்திருந்தது. வாட்ஸ்அப்பில் அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டி அனுப்பினார், கூடவே தூணின் படம் ஒன்று. கீழே, "இன்னும் நம்ம பெயின்ட் போகல."